அரிந்து தின்னத் தக்காளி: நோய் தாங்கும் கலப்பினத்தை வீட்டில் வளர்க்கும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்தில் ஏதாவது ஒரு வயலில் எப்போதும் தக்காளி நிற்கும். வெள்ளை ஈக்கும் வாடல் கிருமிக்கும் ஓய்வே இல்லை. அதனால்தான் கொல்லையில் நட்ட நாலு செடியும் சுருண்டு போகிறது. இங்கே விதையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது.

ரசத்துக்குப் புளிப்பான நாட்டுத் தக்காளியே சரி. வட்டமாக அரிந்து உப்பு மிளகு தூவித் தின்ன, கெட்டிச் சதையும் 90, 100 கிராம் எடையும் வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சாம்ராட், அர்கா ரக்ஷக் இரண்டும் அந்த வகை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். தளி, ஓசூர் பக்கம் குளிரும் தூறலும் சேரும் மாதங்களில் பின்பருவக் கருகலும் வரும். அங்கே அர்கா அபேத் நல்லது, அது நான்கையும் தாங்கும்.

தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை. பாக்கெட்டில் பெயர் போட்ட நோய்க்கு மட்டுமே அந்தப் பலம். இலைப்பேன் பரப்பும் மொட்டுக்கருகலும் காய்ப்புழுவும் இந்தப் பட்டியலில் இல்லை. இவை கலப்பினம் என்பதால், பழத்திலிருந்து விதை எடுத்து மறுபடி நட்டால் குணம் சிதறிவிடும். ஒவ்வொரு முறையும் புது விதைதான்.

ஜூன் முதல் பாதியில் விதைக்கலாம். குழித்தட்டில் மட்கிய தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டை 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) பூச்சிவலையால் மூடுங்கள். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் வெள்ளை ஈ தாராளமாக நுழையும். நாற்றிலேயே சுருட்டை ஏறினால், தாங்கும் ரகமும் தடுமாறும். 25 நாளில் நாற்று தயார்.

போன வருடம் கத்தரி, மிளகாய், உருளை நின்ற இடத்தை விட்டுவிடுங்கள். வாடல் கிருமி அந்த மண்ணிலேயே காத்திருக்கும். குழிக்கு இரண்டு கிலோ மட்கிய தொழுவுரம், 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. நம் செம்மண் சீக்கிரம் காய்வதால், கேழ்வரகுத் தாளை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். வரிசைக்கு வரிசை மூன்றடி, செடிக்குச் செடி இரண்டடி. ஐந்தடிக் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். செடி இடுப்பளவு வந்ததும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். முன்பருவக் கருகலின் வளைய வளையப் புள்ளி மண் தெறிக்கும் அந்த அடி இலையில்தான் தொடங்கும்.

தண்ணீர் காலையில், தூரில் மட்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாய் ஊற்றினால் காயின் அடி கறுத்து அமுங்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓடு போடுவார்கள். ஆனால் இங்கே பெரும்பாலான போர் தண்ணீரே சுண்ணாம்பு கலந்த, உப்புப் படியும் கடினத் தண்ணீர். சத்து மண்ணில் இருந்தும், ஈரம் விட்டு விட்டுப் போவதால் காய்க்கு ஏறவில்லை. ஈரத்தைச் சீராக்கினால் அடுத்த கொத்து நன்றாக வரும்.

மொட்டு விடும்போது 10 நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி நுனி உயரத்தில் தொங்கட்டும். ஓரத்தில் துலுக்கச் செவ்வந்தி நட்டால் காய்ப்புழு அந்துப்பூச்சி பெரும்பாலும் அதில் முட்டையிடும். பூக்கும் வேளை ஒத்துவர, செவ்வந்தி நாற்று 15 நாள் மூத்ததாக இருக்க வேண்டும்.

ஒரு செடி பச்சையாகவே திடீரெனத் தொங்கினால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தூரருகே தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டு முனை மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளைக் கசிவு இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தக் குழித் தண்ணீர் அடுத்த செடிக்கு ஓடாமல் கரை கட்டுங்கள். கசிவே இல்லாமல் வேரில் முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு; அந்த இடத்தில் அடுத்த முறை துலுக்கச் செவ்வந்தி போடலாம்.

நட்ட இரண்டு மாதம் கடந்ததும் பழம் வரும். காம்படியில் லேசான பச்சை இருக்கும்போதே பறித்து நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் சிவந்துவிடும், அரிந்தால் சாறு சிதறாது.