ஆளுக்கொரு திசையில் கோடை லீவு: வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு

எங்கள் காரின் பின்சீட்டில் மூன்று பிள்ளைகளும் உட்காருவார்கள். ஜன்னலோரத்தைப் பெரியவளும் பையனும் பிடித்துக்கொள்ள, கடைக்குட்டிக்கு எப்போதும் நடு இடம்தான். பெரியவளுக்குப் பதினேழு வயதான கோடையில் அவள் எங்களோடு வரவில்லை. தோழி வீட்டாரோடு மலைப்பக்கம் போய்விட்டாள். வண்டி கிளம்பி அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜன்னல் காலியாகக் கிடக்க, ஒன்பது வயதுச் சின்னவள் அப்போதும் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரேன்டி கண்ணு" என்றேன். "அது அக்கா இடம்மா" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு கோடை போய்விட்டது. இப்போது பெரியவளுக்கு 21, பையனுக்கு 18, சின்னவளுக்கு 13. ஐந்து பேரும் லீவு முழுவதையும் ஒன்றாகக் கழித்தது இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. நான் மருத்துவமனையில் நர்ஸ். வார்டில் எனக்கு லீவு கிடைக்கிற நாள், அவருக்கு ஆபீசில் கிடைக்கிற நாள், கல்லூரிப் பரீட்சை முடிகிற நாள் எல்லாம் ஒத்துவருவதே அபூர்வம். தப்புப் பண்ணித் திருத்திக்கொண்டதில் எனக்குப் பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்புவதென்று முடிவெடுத்தால் முழு மனசோடு அனுப்ப வேண்டும். அரை மனசாக அனுப்பினால் போன பிள்ளைக்கும் நிம்மதியில்லை, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் லீவு லீவாக இருக்காது. அப்படி முழு மனசு வருவதற்கு முன்கூட்டியே சில ஏற்பாடுகள் வேண்டும். அவற்றைத்தான் எழுதுகிறேன்.

சேர்ந்திருக்கும் நாளை முதலில் குறியுங்கள்

யார் யார் எங்கே போகிறார்கள் என்று பேசி முடித்துவிட்டு, மிச்ச நாளில் எல்லாரும் சேர்ந்திருக்கலாம் என்று நினைத்தால் மிச்சம் என்று ஒரு நாளும் தேறாது. முதல் வருஷம் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. இப்போது லீவுக்கு மூன்று மாதம் முன்னாலேயே காலண்டரைத் தரையில் விரித்து ஐந்து பேரும் சுற்றி உட்காருவோம். முதலில் நாலு நாளைப் பேனாவால் கட்டம் போடுவோம். அந்த நாலு நாள் எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களின் திட்டம், அதுவும் பென்சிலில். ஏன் நாலு? முதலில் நான் பத்து நாள் கேட்டேன். பேரம் பேசியே ஒரு மாலை போயிற்று, பெரியவள் எழுந்து போய்விட்டாள். நாலு என்றதும் மறுபேச்சில்லை. உங்கள் வீட்டில் மூன்றாக இருக்கலாம், ஆறாக இருக்கலாம். பிள்ளைகள் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்கிற எண்ணாக இருக்கட்டும்.

பிறகு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. கட்டாயம் வேண்டும் என்று ஒன்று, கிடைத்தால் சந்தோஷம் என்று ஒன்று, தயவுசெய்து வேண்டாம் என்று ஒன்று. பெரியவர்களும் எழுத வேண்டும். வாயால் கேட்டால் சத்தமாகப் பேசுகிற பிள்ளை ஜெயித்துவிடும், அமைதியான பிள்ளை "எதுனாலும் சரி" என்று சொல்லிவிடும். எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளையின் மனசும் வெளியே வரும். என் பையன் முதல் வருஷம் 'வேண்டாம்' வரியில் எழுதியது: "காலையில் அஞ்சு மணிக்கு எழுப்புவது." அதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் வளரிளம் பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடும், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ராத்திரியில் தாமதமாகச் சுரக்கும் என்று நான் வேலையில் படித்தவள்தானே. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது தெரிந்தும், சூரியோதயம் காட்டுகிறேன் என்று அவனை வருஷா வருஷம் உலுக்கி எழுப்பியிருக்கிறேன். இப்போது பொது நாட்களில் பத்து மணிக்கு முன்னால் எதுவும் வைப்பதில்லை. காலை நேரம் எனக்கும் அவருக்கும். இருவரும் மட்டும் நடந்துவிட்டு வருகிறோம்.

பிள்ளைகள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு. அளவு சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டும், எடைபோட வேண்டும், முடிவு நம்முடையது. பதினாலு வயதுப் பையன் நண்பர்களோடு மட்டும் கடற்கரைக்குப் போய் ராத்தங்க வேண்டும் என்றபோது நான் முடியாது என்றேன். ஏன் என்று காரணமும் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அனுப்புவதற்கு முன்

முதல் தடவையே பத்து நாள் அனுப்பாதீர்கள். லீவுக்கு முன்னால் ஒரு வாரக் கடைசியில் பாட்டி வீட்டிலோ நம்பிக்கையான சிநேகிதர் வீட்டிலோ இரண்டு ராத்திரி தங்க வையுங்கள், நடுவில் நீங்கள் போய் எட்டிப் பார்க்காமல். ராத்திரியில் பயம் வந்தால் என்ன செய்வது, துணியை எங்கே உலர்த்துவது, கூச்சப்படாமல் ஒன்றை எப்படிக் கேட்பது எல்லாம் அந்த இரண்டு ராத்திரியில் பிடிபட்டுவிடும்.

பெட்டியைப் பிள்ளையே அடுக்கட்டும். நான் அடுக்கிக் கொடுத்த வருஷம், வைத்திருந்த ஸ்வெட்டர் எந்த அறையில் இருக்கிறதென்று தெரியாமல் சின்னவள் ஒரு வாரம் குளிரில் நடுங்கியிருக்கிறாள். பெட்டியின் அடியில் அப்படியே மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

இனி காகிதங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, ஏனென்றால் இன்னொரு குடும்பத்தோடு லீவுக்குப் போன பிள்ளையை இரவில் வார்டுக்குத் தூக்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். என்ன மருந்து ஒவ்வாது என்று கேட்டால் கூட வந்தவர்களுக்குத் தெரியாது. பெற்றவர்களின் போன் எடுக்கப்படாது. ஆகவே ஒரே தாளில் இவ்வளவும் எழுதுங்கள்: ரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாக எடுக்கும் மருந்தும் அளவும், போட்ட தடுப்பூசிகள், பிள்ளையின் எடை. சின்னப் பிள்ளைகளுக்குப் பல மருந்துகளின் அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் போன வருஷத் தாளை அப்படியே கொடுக்காமல் எடையைப் புதிதாகப் பார்த்து எழுதுங்கள். அவசரமென்றால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல இன்னாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் அதோடு இருக்கட்டும். மருந்தை டப்பாவில் கொட்டிக் கொடுக்காமல், அதன் சொந்த அட்டையோடு, மருந்துச் சீட்டு நகலோடு கொடுங்கள்.

வெளிநாடு என்றால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்கக்கூடும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணையில்லாமல் வரும் சிறு பிள்ளையைப் பணியாளர் பொறுப்பில் அழைத்துப் போகும் சேவை பல விமான நிறுவனங்களில் உண்டு. பொதுவாக 5 வயதுக்குக் கீழே தனியாக ஏற்க மாட்டார்கள். மேல் வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், உள்ளே அனுப்பும் பெட்டியில் போடக் கூடாது. இதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

போன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பதினாறு வயதில் பையன் தனியாகப் போனபோது பஸ் நிலையத்தில் போன் அணைந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் போனை நீட்டியிருக்கிறார். கையில் வாங்கிக்கொண்டு விழித்தானாம். எங்கள் யாருடைய எண்ணும் அவனுக்கு மனப்பாடமில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே எண், சின்ன வயதில் நான் பாட்டாகச் சொல்லிக் கொடுத்த பழைய வீட்டு லேண்ட்லைன் எண். அந்த இணைப்பை நாங்கள் எப்போதோ துண்டித்துவிட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து எங்கோ சார்ஜ் போட்டுப் பேசினான். அன்றிலிருந்து யார் கிளம்பினாலும் வாசலில் நின்று இரண்டு எண்களை ஒப்பிக்க வேண்டும். 21 வயதுக்காரியும்தான்.

இன்னொன்று. எங்கள் குடும்பத்தில் பெரியத்தை என்று யாரும் கிடையாது. போனில் யாராவது "பெரியத்தைக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டால், இங்கிருந்து என்னை உடனே கூட்டிப் போங்கள், காரணத்தை இப்போது கேட்காதீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் யார் இருந்தாலும் பிள்ளை தயங்காமல் சொல்லலாம். உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு வாக்கியம் வேண்டும். இதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை. ஆனால் அது இருக்கிறது என்பதால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது.

போன பிறகு

பெரியவள் போன முதல் வருஷம் நான் ஒரே நாளில் ஏழு முறை கூப்பிட்டிருக்கிறேன். கடைசி அழைப்பில், "அம்மா, நான் இங்க இல்லவே இல்லம்மா, உன் போன்லதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். மறக்க முடியவில்லை. இப்போதைய ஏற்பாடு இதுதான்: தினம் ராத்திரி அவர்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு செய்தி. ஒரு வார்த்தை போதும், படம் அனுப்பினாலும் போதும். மூன்று நாளுக்கு ஒரு முறை பேச்சு, நேரத்தை அவர்கள் சொல்வார்கள். செய்தி வராமல் மறுநாள் காலையாகிவிட்டால் மட்டும் நாங்கள் கூப்பிடுவோம். "நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்கிற பேச்சை இரண்டு பேரும் விட்டுவிட்டோம். உண்மைதான் என்றாலும் அந்தப் பாரத்தை அவள் தோளில் ஏற்ற எனக்கு இஷ்டமில்லை.

சின்னப் பிள்ளைகளின் வீட்டு ஏக்கம் வேறு மாதிரி. முதல் சில நாளில்தான் அதிகம், அதிலும் படுக்கப் போகும் நேரத்தில். பதினோரு வயதில் சின்னவள் எட்டு நாள் முகாமுக்குப் போனாள். கிளம்பும்போது, "பிடிக்கலைன்னா ஒரு போன் போடு, உடனே வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறுதலுக்குச் சொன்னது தப்பாகப் போயிற்று. உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். முதல் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே அழுகை. நான் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் போனை வாங்கினார். "நாளைக்குக் காலையில முதல்ல என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கயிறு பிடிச்சு மரம் ஏறணும்" என்றாள். யார் முதலில் ஏறுவார்கள், கயிறு என்ன கனம், எந்த முடிச்சு என்று அவர் கேட்கக் கேட்கப் பத்து நிமிஷம் விளக்கினாள். அழுகை எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. நாலாம் நாள் எங்களோடு பேச அவளுக்கு நேரமில்லை.

அதற்காக எல்லா அழுகையையும் ஆற விட்டுவிடக் கூடாது. நாள் கணக்கில் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அல்லது ஒரு ஆளைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றால் தாமதிக்காமல் போய் அழைத்து வந்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கிற பிள்ளை

போகிற பிள்ளையைப் பற்றியே பேசிப் பேசி, இருக்கிற பிள்ளையை மறந்துவிடுகிறோம். அக்காவும் அண்ணனும் கூட இருந்த லீவுதான் சின்னவளுக்கு லீவு. அது ஒவ்வொரு வருஷமாகக் குறைந்துகொண்டே போகிறது. மூத்த பிள்ளைகள் அனுபவித்த கும்மாளம் கடைசிப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இதை நாம் மூடிமறைக்காமல் பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது. "உனக்கு அக்காவைத் தேடுது, எனக்கும்தான்" என்று ஒரு நாள் சொன்னேன். அன்றைக்குத்தான் அழுதாள், அதுவரை அழவேயில்லை.

பிறகு அவளுக்கென்று இரண்டு செய்தோம். பயணத்தில் ஒரு முழு நாள் அவள் கையில். எங்கே போவது, எப்போது திரும்புவது எல்லாம் அவள் சொல்வதுதான். அவள் போட்ட முதல் திட்டம், நாள் முழுக்க ஓர் ஓடையில் கல் அடுக்கி அணை கட்டுவது. சாயங்காலம்வரை நாங்கள் மூன்று பேரும் கல் தூக்கினோம். இரண்டாவது, அக்கா கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் இருவருக்கும் மட்டும் ஒரு நாள். அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

திரும்பி வந்ததும்

வாசலிலேயே கேள்வி கேட்காதீர்கள். குளித்துவிட்டுத் தூங்கட்டும். முதல் நாள் அவர்கள் நம் வீட்டு விருந்தாளி மாதிரிதான் இருப்பார்கள். புதுசாக ஒரு வார்த்தை, புதுசாக ஒரு நடை வந்திருக்கும். இரண்டாம் நாள் கழித்து, கையில் ஏதாவது வேலை இருக்கும்போது கதை தானாக வரும். பெரியவள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், மலையில் வழி தவறி இருட்டும்வரை சுற்றியதைச் சொன்னாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தேன். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். அங்கே திட்டியிருந்தால் அதுதான் அவள் சொல்லும் கடைசிக் கதையாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, அடுத்த தடவை ஆஃப்லைன் வரைபடம், டார்ச், விசில் மூன்றும் கொண்டுபோ என்றேன். சரி என்றாள்.

போன வாரம் இந்த வருஷக் காலண்டரை விரித்தோம். பேனாக் கட்டம் நாலு நாளுக்குப் போட்டாயிற்று. பென்சிலை வாங்கிக்கொண்டு சின்னவள் தனக்குப் பன்னிரண்டு நாள் குறித்தாள், தோழியோடு, எங்கள் யாரும் இல்லாமல். பெரியவள் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ காரில் எனக்கு மறுபடியும் ஜன்னல் சீட்டா?" என்று கேட்டாள். எடைத்தாளைப் புதிதாக எழுத வேண்டும், சின்னவள் போன வருஷத்தைவிட நாலு கிலோ கூடியிருக்கிறாள்.