ஏப்ரல் 9-ஐ நினைவுகூரும்போது நாம் விடும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 இல், யப்பான் விமானங்கள் எங்கள் திருகோணமலையைத் தாக்கின; அதே நாள் கிழக்குக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. சில வருடங்களுக்கு முன் திருமலையில், அதாவது திருகோணமலையில், ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் பாடுபட்டு ஒரு பலகை செய்திருந்தார்கள். மேலே "1942 இல் யப்பான் மூழ்கடித்த ஹெர்மிஸ்" என்று அழகான எழுத்து. கீழே ஒட்டியிருந்த படத்தில் கப்பலின் முன்தளம் மூக்கை நிமிர்த்தியதுபோல் மேலே வளைந்திருந்தது, அதன்மேல் ஜெட் விமானங்கள் நின்றன. அது வேறு கப்பல். 1959 இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து, 1982 இல் போக்லாந்துப் போருக்குப் போய், 1987 இல் இந்தியாவின் கைக்கு வந்து, விராட் என்ற பெயரில் 2017 வரை ஓடிய கப்பல் அது. எங்கள் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் 1919 இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் தளம் தட்டை. அது சுமந்தது காற்றாடி வைத்த விமானங்களை.

பிள்ளைகளில் பிழை இல்லை. பெயரைத் தட்டித் தேடினால் முதலில் வருவது அந்தப் படம்தான். கடற்படைகள் மூழ்கிய கப்பலின் பெயரைப் புதுக் கப்பலுக்குத் திரும்ப வைப்பது வழக்கம். ஹெர்மிசோடு சேர்ந்து மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயருக்கும் இதே கதைதான். சிட்னி அருங்காட்சியகத்தில் மிதக்கும் வம்பயர் பிறகு கட்டியது. ஆகவே படம் போடுமுன் கப்பலின் பெயரோடு அது கட்டப்பட்ட ஆண்டையும் பாருங்கள்.

இப்போது திருமலையில் இந்த நினைவைக் காக்க விரும்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், சுழியோடிகள், ஆசிரியர்கள், வெளிநாட்டிலிருந்து தாத்தாவின் பெயரைத் தேடி வருகிறவர்கள் என்று பலர். நல்ல காரியம். ஆனால் ஆர்வத்தில் செய்யும் சில தவறுகள் ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் பிறகு கழற்ற முடிவதில்லை.

முதலாவது, இரண்டு நாட்களை ஒன்றாக்குவது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. அதே நாள் இலங்கைக்குத் தென்மேற்கே டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. திருகோணமலையின் நாள் ஏப்ரல் 9, வியாழக்கிழமை. இரண்டையும் செய்தது யப்பான் அட்மிரல் நகுமோவின் அதே ஐந்து விமானந்தாங்கிகள். இடையில் இருந்தது நான்கு நாள். கனடா விமானி பேர்ச்சல் கொகல்லயிலிருந்து பறந்து அந்தக் கப்பற்படையைக் கண்டது ஏப்ரல் 4 இல், அதாவது கொழும்புக்கு முன்பு. அவரைத் திருமலைக் கதைக்குள் கொண்டுவந்து விடுகிறவர்கள் நிறைய. இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஈஸ்டர் தாக்குதல்" என்று வெறுமனே எழுதாதீர்கள். இன்றைக்கு இந்த நாட்டில், அதுவும் கிழக்கில், அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவு வருவது 2019 இல் தேவாலயங்களில் வெடித்த குண்டுகள். ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள், இரண்டு துயரத்துக்கும் அதுதான் மரியாதை.

அடுத்தது, ஹெர்மிஸ் திருகோணமலைத் துறைமுகத்தில் மூழ்கியது என்பது. சுற்றுலா வழிகாட்டிகள் சிலரே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடந்தது வேறு. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததால் 8 ஆம் திகதி இரவே ஹெர்மிசும் வம்பயரும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போய்விட்டன. மறுநாள் காலை ஏழரை மணியளவில் திருமலையில் குண்டு விழுந்தபோது அவை இங்கே இல்லை. திரும்பி வரும் வழியில், ஹருணா என்ற யப்பான் போர்க்கப்பலிலிருந்து வந்த வேவு விமானம் அவற்றைக் கண்டுவிட்டது. முற்பகல் 11 மணிக்குள் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் கடலுக்கடியில் போய்விட்டது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். அதன் சொந்த விமானங்கள் அன்று கப்பலில் இல்லை, கரையில் நின்றன. வீற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் தண்ணீரில் மிதந்தவர்களில் சுமார் 600 பேரைத் தூக்கியது.

துறைமுகத்துக்குள் எரிந்தது சகாயிங் என்ற வணிகக் கப்பல். அதைத்தான் 2018 இல் கடற்படைச் சுழியோடிகள் மேலே கொண்டுவந்தார்கள். அந்தச் செய்தி வந்த கிழமை, ஹெர்மிசைத் தூக்கிவிட்டார்கள் என்று எனக்கே மூன்று பேர் போன் பண்ணினார்கள்.

ஹெர்மிசைப் பற்றி இன்னொரு வரி: "உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்". விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது என்றால் சரி. ஆனால் யப்பானின் ஹோஷோ 1922 இலேயே சேவைக்கு வந்துவிட்டது, ஹெர்மிஸ் வந்தது 1924 இல். அந்தப் பெருமையைச் சரியான சொல்லில் சொன்னாலே போதும். அப்புறம், பெரிய கப்பலையே பேசிக்கொண்டிருந்தால் ஹொலிஹொக் மறந்துபோகும். எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்குக் காவலாகப் போன சின்னக் கப்பல் அது. அதே நாள் அதே கடலில் அதோடு போனவர்கள் 53 பேர். நினைவு நாளில் பெயர் வாசிக்கும்போது அவர்களையும் வாசியுங்கள்.

சீனக்குடா எண்ணெய்க் குதம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஊரில் பெரிதாக நம்பப்படுகிற கதை அதுதான். 101 தாங்கிகளில் 91 ஆம் இலக்கத் தாங்கியின்மேல் ஒரு யப்பான் விமானம் விழுந்தது, எண்ணெய் நாட்கணக்கில் எரிந்தது. இதுவரை சரி. இதற்குமேல் "கமிக்காசே தாக்குதல்" என்று எழுதும்போதுதான் தவறு தொடங்குகிறது. கமிக்காசே என்ற தற்கொடைப் படை 1944 ஒக்டோபரில் பிலிப்பைன்சில் உருவாக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் அப்படி ஒன்று இல்லை. விமானி வேண்டுமென்றே மோதினாரா, சுடப்பட்டுத் தடுமாறி விழுந்தாரா என்பது அவரோடு போய்விட்டது. விமானம் விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். விமானியின் மனதைக் கண்டவர் யாரும் இல்லை. "வேண்டுமென்றே மோதினார் என்று ஊரில் சொல்வார்கள்" என்று எழுதினால் ஒரு குறையும் வராது. ஊர்க்கதையும் காப்பாற்றப்படும், உண்மையும் கெடாது.

நேரக் கணக்கில் நானே நீண்ட நாள் ஏமாந்தேன். யப்பான் கப்பல்களின் பதிவுகள் தோக்கியோ நேரத்தில் எழுதப்பட்டவை. இன்றைய கணக்கில் தோக்கியோ நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னே. அதைக் கழித்துப் பார்த்தால் பிரித்தானியப் பதிவோடு எப்போதும் அரை மணி இடித்தது. யாரோ பொய் எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, போருக்காக 1942 ஜனவரியில் இலங்கை மணிக்கூட்டை அரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். ஏப்ரலில் இடைவெளி சரியாக மூன்று மணித்தியாலம். செப்டம்பரில் இன்னும் அரை மணி தள்ளினார்கள். இது தெரியாமல் "அரை மணி முன்பே எச்சரிக்கை வந்தும் ஒன்றும் செய்யவில்லை" என்று செத்தவர்கள்மேல் பழி போடக் கூடாது.

நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 300 க்கும் மேற்பட்டவர்கள் கிடக்கிறார்கள். எல்லோரும் ஏப்ரல் 9 இல் இறந்தவர்கள் என்று நினைத்துப் பூ வைப்பதைப் பார்க்கிறேன். போர் முடியும்வரை திருமலை பெரிய தளமாக இருந்தது. நோயில் போனவர்கள், விபத்தில் போனவர்கள், பிந்திய வருடங்களில் இறந்த விமானிகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். கல்லில் உள்ள திகதியை வாசியுங்கள். ஹெர்மிசோடு மூழ்கியவர்களுக்குக் கடல்தான் கல்லறை, அவர்களின் பெயர்கள் பிளிமத், போர்ட்ஸ்மத், சத்தம் நினைவுத்தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வணிகக் கப்பல்களில் அடுப்படியிலும் இயந்திர அறையிலும் வேலை செய்து இறந்த இந்திய மாலுமிகளைத் தேடுகிறவர்கள் பம்பாய், சிட்டகொங் நினைவேடுகளைப் பார்க்க வேண்டும். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று கல்லில் சோக்குப் பூச வேண்டாம். காலை வெயில் சரிவாக விழும்போது போனால் எழுத்து தானாகத் தெரியும்.

சுழியோடிகளுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பீங்கான் கோப்பையோ பித்தளை ஆணியோ மேலே வந்துவிட்டால் அது எங்கே கிடந்தது, யாருடைய மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விடும். அது பலர் உறங்கும் இடம் வேறு. வீட்டுக் காணியிலோ கரையிலோ துருப்பிடித்த குண்டுபோல் எதுவும் கண்டால் கழுவிப் பார்க்கப் போகாதீர்கள். தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். 80 வருடம் ஆனாலும் வெடிமருந்து சாகாது.

கரையில் நடக்கும் நாசம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், எழுதுவினைஞராக இருந்த ஒருவரின் ஒரே படம் அவருடைய பேரனிடம் இருந்தது. பாரந்தூக்கிக்கு முன்னால், வெள்ளைச் சேட்டோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நல்லபடியாக வைத்திருக்க வேண்டும் என்ற அன்பில் பேரன் அதை ஒரு கடையில் லாமினேட் செய்துவிட்டார். சூட்டில் படம் குமிழ் விட்டு முகத்தின் அரைவாசி உரிந்துவிட்டது. பிளாஸ்ரிக்கைப் பிரித்தால் மிச்சமும் வரும். பழைய படத்துக்கு லாமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம். பின்பக்கம் எழுத வேண்டுமானால் மெல்லிய பென்சில், பேனை கூடாது. ஸ்கான் பண்ணும்போது பின்பக்கத்தையும் சேர்த்துப் பண்ணுங்கள். யாரோ கிறுக்கிய ஒரு திகதி அங்கேதான் இருக்கும். அதற்குப் பிறகு அமிலமில்லாத காகித உறையில் போட்டு, அலுமாரியின் ஈரமில்லாத தட்டில் வையுங்கள். எங்கள் கடற்காற்று கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் போகும்.

அந்த எழுதுவினைஞரைப் போன்றவர்களின் பெயர்கள் எந்த வெளிநாட்டுத் தூணிலும் இல்லை. நாங்கள் எழுதுவதிலும் இல்லை என்பதுதான் எல்லாத் தவறிலும் பெரியது என்று நினைக்கிறேன். எத்தனை விமானம், என்ன துப்பாக்கி, எந்த அட்மிரல் என்பதெல்லாம் இலண்டனிலும் தோக்கியோவிலும் பத்திரமாக இருக்கிறது. அன்று காலை டொக்யாட் வாசலில் வேலைக்குப் போய் நின்ற தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் யார், குண்டுக்குப் பிறகு எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை நாம்தான் எழுத வேண்டும். அதற்கு ஆச்சிமாரிடமும் அப்பாமாரிடமும்தான் போக வேண்டும். அங்கே போய்ச் செய்யும் தவறு இருக்கிறதே, அதைப் பிறகு திருத்த முடியாது.

உவர்மலையில் ஒரு ஆச்சியிடம் நான் போனேன். 1942 இல் அவவுக்கு 9 வயது. போனை மேசையில் வைத்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பிளேன் ஆச்சி வந்தது?" அவ கொஞ்சம் யோசித்துவிட்டு "ஒரு நூறு இருக்கும்" என்றா. நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னா, அந்த எண்ணிக்கை பேரப்பிள்ளை புத்தகத்தில் பார்த்துச் சொன்னதாம். நான் இலக்கம் கேட்டேன், பாவம், அவ எனக்காக ஒன்றைத் தேடித் தந்திருக்கிறா. ஒன்பது வயதுப் பிள்ளை விமானம் எண்ணாது. "அன்றைக்கு விடிய எழும்பினதிலிருந்து சொல்லுங்கோ" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டபோதுதான் "சித்திரை வருசத்துக்குக் கொஞ்ச நாள் முன்னம்" என்று திகதியும் தானாக வந்தது.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஓடின கதை ஒன்றல்ல. 1942 ஐக் கேட்கப் போனால் உள்நாட்டுப் போரில் ஓடின 1985 வரும், 1990 வரும். "அது வேண்டாம், யப்பான் சண்டையைச் சொல்லுங்கோ" என்று மறிக்காதீர்கள். சொல்ல விடுங்கள். எது எந்த ஓட்டம் என்று பிறகு ஆறுதலாக, இன்னொரு நாள், பக்கத்தில் இருந்து கேட்டுப் பிரிக்கலாம். பிள்ளைகளில் ஒருவர் கூட இருந்தால் அவவுக்குத் துணை. ஆனால் அவர் இடையில் புகுந்து கதையைத் திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் கோப்புக்குப் பெயர் வையுங்கள்: யார், எந்த இடம், எந்தத் திகதி, அன்று அவருக்கு என்ன வயது, எங்கே நின்று பார்த்தார். ஒரு பிரதி அவர் வீட்டிலும் இருக்கட்டும்.

அந்த ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. 23 ஆவது நிமிடத்தில் ஆச்சி சொல்கிறா: "குண்டு விழுந்ததை நான் காணேல்லை மகன். அடுப்பில கஞ்சி கொதிச்சது. அம்மா சட்டியோட தூக்கி முத்தத்தில வச்சிட்டு எங்களை இழுத்துக்கொண்டு ஓடினவ. சீனக்குடாப் பக்கம் வானம் கறுத்துப்போச்சு. எத்தினை நாளைக்குப் பிறகு வந்தனாங்களோ தெரியாது, சட்டி அப்பிடியே முத்தத்தில இருந்தது. அதைக் கண்ட உடன அம்மா..."

அந்த இடத்தில் என் குரல் கேட்கிறது. "பிளேன் எந்தப் பக்கத்தால ஆச்சி வந்தது?" அவ அதற்குப் பதில் சொல்கிறா. பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த மாசம் திரும்பப் போவதாக இருந்தேன், அதற்குள் ஆச்சி போய்விட்டா.