கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிறவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆறாத கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வெளிநோயாளிப் பிரிவுக்கு வருபவர்கள், முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவையும் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது. மருந்துச் சீட்டையும், சர்க்கரை அளவு எழுதிய நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.

என் அம்மாவின் குதிகால் புண்ணில் ஒட்டியிருந்த துணியை ஒருமுறை உலர்ந்தபடியே இழுத்துவிட்டார்கள். புதிதாக வளர்ந்திருந்த சிவந்த சதையும் அதோடு பிய்ந்து ரத்தம் கசிந்தது. ஆகவே, 0.9 சதவீத உப்பு நீரான சலைனை ஊற்றி, துணி நன்றாக ஊறிய பிறகே எடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

வீடு திரும்பியபின் கட்டு நனையாமல் காப்பதே மலையில் பெரும்பாடு. ரப்பர் பூட்ஸுக்குள் ஈரம் எளிதில் தங்கிவிடும். குளிருக்கு அடுப்பருகே கால் காட்டுவதைச் சர்க்கரை நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வலி இல்லாததால் புண் ஆறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். துர்நாற்றமோ, சுற்றிலும் பரவும் சிவப்போ, காய்ச்சலோ கண்டால், குறித்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.