கஷ்டகாலத்து விசுவாசம்: சிறு காணொளிச் செய்தி தயாரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரத்து) வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், தாம் எடுத்த முதல் காணொளிச் செய்தியை வெளியிடுவதற்கு முன் என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். தலைப்பு ‘கஷ்டத்தின் நடுவில் விசுவாசம்’. நீளம் 5 நிமிடம் 10 விநாடி. குரல் தெளிவாக இருந்தது. முகத்தில் உண்மை இருந்தது. ஆனால் மூன்றாவது நிமிடத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம், 2021 மே மாதத்தில் நான் சொன்ன வாக்கியமாகவே இருந்தது. என் காணொளியை அவர் பார்த்திருக்க வழியில்லை. அதை நான் அந்த மாதமே நீக்கிவிட்டேன். யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரே தவறு தலைமுறை தாண்டி வருகிறது என்றால், அதன் வேரைத் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று பொதுமுடக்கம் தொடங்கி, குருத்தோலை ஞாயிறும் உயிர்த்தெழுந்த பண்டிகையும் வீட்டுக்குள்ளேயே கழிந்த அந்த நாட்களில், என்னைப் போன்ற உபதேசிமார் பலர் கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்துப் பேசத் தொடங்கினோம். வெளிச்சம், ஒலி, கைப்பேசியை நேராக வைப்பதா கிடையாக வைப்பதா என்பனவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தம் காணொளியைத் தாமே இரண்டு முறை பார்ப்பவருக்கு அவை தாமாக விளங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எடுத்தவர் கண்ணில் படாத தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பிரசங்க பீடத்தைச் சுமந்துகொண்டு வருதல்

ஞாயிறு ஆராதனையில் நம் முன்னே இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த வாரத்தில் நலமாக இருப்பவர்கள். காணொளியைப் பார்ப்பவரோ பெரும்பாலும் தனி ஆள். மருத்துவமனை நடைபாதையில், ஒரு காதில் மட்டும் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு, செவிலியர் பெயர் சொல்லி அழைத்தால் கேட்க வேண்டுமே என்று மறு காதைத் திறந்து வைத்திருப்பவர். அவரிடம் போய், ஸ்தோத்திரமும் வாழ்த்தும் அறிமுகமும் சொல்லி ஒரு நிமிடத்தைக் கழித்துவிட்டு, “எல்லோரும் சத்தமாக ஆமென் சொல்லுங்கள்” என்று கேட்பது பொருந்தாது. நான் முதல் ஆறு மாதங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாக்குத்தத்தத்தைக் கத்தரித்து எடுத்தல்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயத்தில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்ததை வேதாகமத்தின் நடுவிலோ பீரோக் கதவின் உட்புறத்திலோ வைத்துக்கொள்வோம். அந்த வழக்கத்தை நான் பழிக்கவில்லை, இன்றும் எடுக்கிறேன். ஆனால் அட்டை உள்ளங்கை அளவுதான். அதில் ஒரு வசனத்துக்கு மேல் இடமில்லை. அந்த வசனம் யாருக்கு, எப்போது, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பதற்கும் இடமில்லை. சிறுவயது முதல் வேதத்தை அட்டை அளவில் படித்துப் பழகிய நாம், காணொளி எடுக்கும்போதும் அதே கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுகிறோம்.

2021 மே 10 அன்று தமிழ்நாட்டில் மீண்டும் முழுப் பொதுமுடக்கம் வந்தது. அந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட வசனம் எரேமியா 29:11. “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு” என்று பழைய மொழிபெயர்ப்பில் தொடங்கும் அந்த வசனத்தை வாசித்துவிட்டு, “மருத்துவமனையில் இருக்கும் உங்கள் அன்பானவர் நடந்தே வீட்டுக்கு வருவார், இது கர்த்தருடைய வாக்கு” என்று கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னேன். காணொளி வாட்ஸ்அப் குழுக்களில் வேகமாகப் பரவியது. நானும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

ஒன்பதாம் நாள் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் என்னை அழைத்தார். ஆக்சிஜன் வார்டில் இருந்த தம் மனைவியின் கைப்பேசிக்கு அந்தக் காணொளியை அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாள் தினமும் காலையில் அதைக் கேட்டிருக்கிறார்கள். முந்தின நாள் அடக்கம் முடிந்திருந்தது. அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “ஐயா, ஒரே ஒரு சந்தேகம். நாங்க விசுவாசிச்சதுல எந்த எடத்துல கொறஞ்சிட்டோம்?” அவர் என்னை வைதிருந்தால் தாங்கியிருப்பேன். மனைவியை இழந்தவர் தம்மீதே குற்றம் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குற்றத்தை அவர் கையில் கொடுத்தது என் நான்கு நிமிடக் காணொளி.

அன்றிரவுதான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். அது எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய நிருபம். பெற்றுக்கொண்டவர்கள் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்று ஐந்தாம், ஆறாம் வசனங்கள் சொல்கின்றன. அதாவது, சீக்கிரம் திரும்புவோம் என்று மூட்டை கட்டிக் காத்திருக்க வேண்டாம். பதினொன்றாம் வசனத்துக்கு நேர் மேலே, பத்தாம் வசனத்தில், எழுபது வருடம் நிறைவேறின பின்பு என்று காலமும் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நிருபம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர் தாய்நாட்டைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அப்படிப்பட்டவருக்கும் சேர்த்துத்தான் ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’ என்று சொல்லப்பட்டது. நான் பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினொன்றை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

இதில் தமிழ் வாசகருக்கென்று தனியாக ஒரு சறுக்கல் உண்டு. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்று கேட்டவுடன், நான் மனத்தில் நினைத்திருக்கும் முடிவு என்றே நம் காதில் விழுகிறது. எபிரெயுவில் அங்கே நிற்கும் ‘அஹரித்’, ‘திக்வா’ என்னும் இரு சொற்களுக்குப் பின்வரும் காலம், நம்பிக்கை என்று பொருள். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் எதிர்காலம், நம்பிக்கை என்றே இருக்கிறது. என் விருப்பப் பட்டியலைப் பற்றி அந்த வசனம் பேசவே இல்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் சட்டை இஸ்திரி போடுவதில் செலவிட்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில் வருகிறது: “ஐயா, ஜனங்களுக்கு ஆறுதல்தானே வேண்டும், சரித்திரம் எதற்கு?” இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்தப் பதில்தான். முந்திய அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்த அனனியா என்னும் தீர்க்கதரிசியும் ஆறுதல்தான் சொன்னான். கேட்டவர்களுக்கு எரேமியாவின் எழுபது வருடத்தைவிட அவனுடைய இரண்டு வருடம் எவ்வளவோ இனித்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் அப்படிச் சொன்னவன் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான் என்று அதே அதிகாரம் முடிகிறது. காலக்கெடு வைத்து ஆறுதல் சொல்லும் ஒவ்வொரு காணொளியிலும் எனக்கு அனனியாவின் குரல் கேட்கிறது; 2021-இல் அது என் தொண்டையிலிருந்து வந்தது.

ஆகவே எங்கள் தம்பியிடம் நான் சொன்னது இது: 29-ஆம் அதிகாரத்தில் 4 முதல் 11 வரை முழுவதையும் கேமராவுக்கு முன் நிதானமாக வாசியுங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. “உங்கள் தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க இடங்கொடாதிருங்கள்” என்ற கருத்தில் நடுவே வரும் எட்டாம், ஒன்பதாம் வசனங்களையும் விடாமல் வாசியுங்கள். அவை முதலில் நமக்கே உரியவை. மீதி மூன்று நிமிடத்தில், பாபிலோனில் இருக்கும்போதும் தேவன் இந்த ஜனத்தை மறக்கவில்லை என்பதை மட்டும் சொல்லுங்கள். வேதம் கொடுக்காத தேதியை நாம் கொடுக்க வேண்டாம். வாரம், மாதம், ஆண்டு என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் எழுத்துப் பிரதியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய பிரதியில் ஏழு வட்டங்கள் விழுந்தன.

‘திராணிக்கு மேலாக’ என்னும் வசனம்

உங்கள் திராணிக்கு, அதாவது பலத்துக்கு, மேலாக நீங்கள் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்னும் 1 கொரிந்தியர் 10:13-ஐக் காட்டி, தாங்க முடியாத பாடு யாருக்கும் வராது என்று சொல்கிறார்கள். அந்தப் பகுதி விக்கிரகாராதனைக்கும் பாவத்துக்கும் இழுக்கும் சோதனையைப் பற்றியது. பாடுகளைப் பற்றி அதே பவுல் 2 கொரிந்தியர் 1:8-இல் எழுதியது வேறு: ஆசியாவில் தங்களுக்கு நேர்ந்த வருத்தம் தங்கள் பலத்துக்கு மிஞ்சியது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் வெளிப்படையாகச் சொல்கிறார். ஒடிந்துபோயிருக்கும் ஒருவரிடம், “இது உங்களால் தாங்கக்கூடியதுதான்” என்று பவுலே சொல்லாததை நாம் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் கண்டுபிடித்தல்

யோபின் நண்பர்கள், அவருடைய பாடுகளுக்குக் காரணம் சொல்லத் தொடங்குமுன், ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள்.

வென்றவர்களின் சாட்சி மட்டும்

கடன் அடைந்தது, கட்டி கரைந்தது, வேலை கிடைத்தது என்று வரிசையாகச் சாட்சிகளை அடுக்குவது எளிது, பார்வையாளர் எண்ணிக்கையும் ஏறும். எபிரெயர் 11-ஐ அப்படிப் பாதி வரை வாசித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் மிகப் பலர். 34-ஆம் வசனத்தில் சிலர் விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு (வாளுக்கு) தப்புகிறார்கள். மூன்றே வசனம் தள்ளி, 37-இல், வேறு சிலர் பட்டயத்தினால் வெட்டப்படுகிறார்கள். தப்பியவருக்கு அதிக விசுவாசம், வெட்டுண்டவருக்குக் குறைந்த விசுவாசம் என்று அந்த அதிகாரம் அளந்து பார்க்கவில்லை. எல்லோரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று 39-ஆம் வசனம் அவர்களைச் சேர்த்தே நிறுத்துகிறது. சுகம் கிடைக்காமலே ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஒருவரை, அவர் சம்மதித்தால், இரண்டு நிமிடம் பேச வைத்துப் பாருங்கள்.

அழுகையை வெட்டிவிடுதல்

சங்கீதம் 13-இல் முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. நம் காணொளிகளில் ஒரு முறைகூட வருவதில்லை. 88-ஆம் சங்கீதமோ கடைசிவரை ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல், சிநேகிதரும் விலகிப்போன துயரத்தோடே முடிந்துவிடுகிறது. அதை வைத்து ஒரு காணொளி எடுத்தபோது, முடிவில் நம்பிக்கையூட்டும் ஒரு வார்த்தையாவது சேர்க்கச் சொல்லி மூன்று பேர் வற்புறுத்தினார்கள். வேதத்தில் இல்லாத முடிவை நான் ஒட்டவில்லை. என் காணொளிகளிலேயே மிகக் குறைவாகப் பகிரப்பட்டது அதுதான். நள்ளிரவுக்குப் பின் நீண்ட செய்திகள் அதிகமாக வந்ததும் அதற்குத்தான்.

மருந்தை நிறுத்தச் சொல்லுதல்

அப்படி ஒரு வரி இருந்தால் காணொளியையே வெளியிட வேண்டாம்.

பின்னணி இசை

துக்கத்துக்கு அடியில் கீபோர்டு ஓட விடாதீர்கள்.

ஜெப உதவி எண்

திரையில் போட்டால் எடுக்க வேண்டும். இரவில் எடுக்க முடியாதவர், எடுக்கும் நேரத்தையும் எண்ணுக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.