பழைய சேத்தக்கில் கியர், கிளச் கேபிள் மாற்றுவது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிய வீட்டில் மாசக்கணக்காக நின்று, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்களுக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானம் குறைவு. நின்றே கெடுவதுதான் அதிகம். செம்மண் தூசியும் பழைய கிரீசும் கேபிளின் வெளிக்குழாயான அவுட்டருக்குள் களிபோல் இறுகிவிடும். ஹேண்டிலில் கியர் மாற்ற முறுக்கும் பிடி இறுகினால் பலம் கொடுத்து முறுக்காதீர்கள்; கேபிள் முனையிலுள்ள குமிழான நிப்பிளை ஒட்டி, அவுட்டருக்குள் ஓடும் இழைக் கம்பியான இன்னர் இழை இழையாக அறும்.

வாங்க வேண்டியவை: கியர் இன்னர் 2, கிளச் இன்னர் 1, கேபிள் நுனியைப் பிடிக்கும் திருகு 3, கொஞ்சம் கிரீஸ். அவுட்டரை இன்னும் வாங்க வேண்டாம். பழைய இன்னரை உருவிவிட்டு, புதியதைக் கிரீஸ் தடவாமல் தள்ளிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அவுட்டரும் போய்விட்டது. அதில் புது இன்னரைப் போட்டால் சீக்கிரமே மறுபடி அறும்.

அவுட்டரை மாற்றும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். பழையதை அப்படியே வெளியே இழுத்துவிட்டால், பாடிக்குள் வழி தேடியே பொழுது போய்விடும். பழைய அவுட்டர், புது அவுட்டர் இரண்டுக்குள்ளும் ஒரே நீளக் கம்பியைக் கோத்து, நுனிகளை முட்ட வைத்து, மெல்லிசாக டேப் சுற்றுங்கள். ஹேண்டில் பக்கம் ஒருவர் தள்ள, இன்ஜின் பக்கம் ஒருவர் இழுத்தால் பழையது போன வழியே புதியது வந்து சேரும்.

கழற்றும் முன் இரண்டு கியர் கேபிளில் ஒன்றுக்குப் பெயிண்ட் வையுங்கள். மாறிப்போனால் கியர் விழும் திசையே தலைகீழாகும்.

மாட்டும்போது, கேபிள் தளர்வைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர்களை முக்கால்வாசி உள்ளே முறுக்கிவிடுங்கள். கேபிள் பின்னால் தளரும்போது இழுக்க இடம் வேண்டும். பிடி நியூட்ரல் குறியில் இருக்கட்டும். கிளச் பிடிக்காமலே பின்சக்கரம் கையால் லேசாகச் சுற்றினால் கியரும் நியூட்ரலில் இருக்கிறது. அதே நிலையில் இரண்டு கியர் கேபிளையும் திருகால் இறுக்குங்கள். திருகை வெறியோடு இறுக்கினால் இழைகள் வெட்டுப்படும். இரண்டு விரற்கடை வால் விட்டு, வெட்டும் இடத்தில் ஈயம் பற்றவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லையேல் நுனி பூவாக விரியும்.

கிளச் லீவரில் 2 மி.மீ. தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையென்றால் கிளச் பிளேட் வழுக்கிக் கருகும். கூடிப்போனால் கிளச் பிடித்தும் வண்டி நகரும், கியர் கரகரக்கும்.

100 கி.மீ. ஓடியதும் அட்ஜஸ்டரை மறுபடி பாருங்கள். வண்டி நிற்கும் மாதங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, வாரம் ஒருமுறை கிளச் பிடித்துக் கியர் பிடியை முழுக்கத் திருப்பி விடச் சொல்லுங்கள்.