ரோடு பைக்ல (ரோடு சைக்கிள்ல) ஹெட்செட் லூஸா இருக்கான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பார் பக்கம் "டக்"குனு ஒரு ஆட்டம் தெரியுதா, முதல்ல ஹெட்செட்டைப் பாருங்க, அதாவது ஃபிரேமுக்குள்ள ஃபோர்க் (முன் வீலைப் பிடிச்சிருக்குற கவட்டை) திரும்புறதுக்காக இருக்குற பேரிங் செட்டை. முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுட்டு பைக்கை முன்னாடி பின்னாடி தள்ளுங்க, இன்னொரு கை விரலை ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ற இடத்துல, கீழ் பேரிங் பக்கத்துல வச்சிருங்க, அங்க ஆடுனா விரல்லயே தெரிஞ்சிடும். ஆனா பிரேக் பேடும் கொஞ்சம் ஆடும், அதுல பலபேர் ஏமாந்துடுவாங்க. அதனால ஹேண்டில்பாரை 90 டிகிரி திருப்பிட்டு மறுபடி தள்ளுங்க, இப்பவும் ஆடுனா ஹெட்செட்தான். வீலை மட்டும் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுனா ஆடுதுன்னா அது ஹப் (வீலோட நடுப்பகுதி) பேரிங், வேற கதை.

சரி பண்ண, முதல்ல ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட சேர்க்குற பாகம்) சைடு போல்ட்டு ரெண்டையும் லூஸ் பண்ணணும். இதைப் பண்ணாம டாப் கேப்பை (ஸ்டெம் மேல இருக்குற மூடியோட போல்ட்டை) எவ்வளவு முறுக்குனாலும் வேஸ்ட். அப்புறம் டாப் கேப்பை கொஞ்சம் கொஞ்சமா, கால் சுத்துக்கும் கம்மியா, ஆட்டம் போற வரைக்கும் மட்டும் டைட் பண்ணுங்க. ஸ்டெம்மை முன் வீலுக்கு நேரா வச்சுப் பார்த்து, ஸ்டெம் சைடு போல்ட்டு ரெண்டையும் மாத்தி மாத்தி இறுக்குங்க, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்லயே போட்டிருக்கும்.

முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பும்போது நடுவுல சிக்குற மாதிரி இருந்தா, பேரிங்கே போச்சு, மாத்திடுங்க.