ஆள் அகப்படாத கடனாளிக்கு நோட்டீஸ்: எங்கே கோட்டை விடுகிறோம்?

போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் "ஊரில் இல்லை" என்கிறார்கள். நோட்டீஸை அவர் வாங்காவிட்டால் வழக்கே நிற்காதோ என்று பணம் கொடுத்தவருக்குப் பயம் வந்துவிடுகிறது. ஒளிந்து திரிபவரைச் சட்டம் சமாளித்துக்கொள்ளும். முகவரியிலும் நாள் கணக்கிலும் நாம் காட்டும் அலட்சியத்துக்குத்தான் அதனிடம் மருந்து இல்லை.

செக் பவுன்ஸ் விவகாரத்தைப் பாருங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி 25 நாளைக் கரைத்துவிட்டு வக்கீலிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

அனுப்பிய தபால் "வாங்க மறுத்தார்", "கதவு பூட்டியுள்ளது" என்ற குறிப்போடு திரும்பி வந்தால் பதற வேண்டாம். கவரைப் பிரித்துவிடவும் வேண்டாம். ஒட்டியபடியே இருக்கும் அந்தக் கவர்தான் உங்கள் சாட்சி. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது சேர்ந்ததாகவே கருதப்படும் என்பது 1897-ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு. செக் வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் அலவி ஹாஜி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் "இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை" என்று திரும்பினால் கதை வேறு. அதனால் புரோநோட்டில் உள்ள முகவரி, இப்போது குடியிருக்கும் வீடு, தொழில் செய்யும் இடம் என்று தெரிந்த எல்லாவற்றுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், தபாலோடு கூடுதலாக.

சிவில் வழக்கில் சம்மனுக்குப் பேட்டா (சம்மனைக் கொண்டு சேர்க்கும் கட்டணம்) கட்ட மறந்தால் வழக்கே தள்ளுபடியாகலாம். பிரதிவாதி வீட்டில் இல்லாதபோது, அவரோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தினர், ஆணோ பெண்ணோ, சம்மனை வாங்கலாம். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. யாருமே அகப்படாவிட்டால் அமீனா, அதாவது சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர், கதவில் ஒட்டுவார். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதெல்லாம் அவருடைய அறிக்கையில் வர வேண்டும். ஆகவே நீங்களோ உங்கள் ஆளோ கூடவே போய் வீட்டைக் காட்டுவது நல்லது.

பத்திரிகை விளம்பரம் இதற்கெல்லாம் பிறகுதான். அவர் வேண்டுமென்றே தவிர்க்கிறார், அல்லது வழக்கமான வழியில் சம்மனைச் சேர்க்க முடியவில்லை என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். விளம்பரமும் அவர் கடைசியாக வசித்த அல்லது தொழில் செய்த பகுதியில் விற்கும் நாளிதழில் வர வேண்டும். கட்டணம் குறைவு என்று அங்கே கிடைக்காத பத்திரிகையைப் பிடிப்பது வீண் செலவு.

எனக்குக் கோபம் வருவது ஒரு 'சாமர்த்தியத்தின்' மீது. காலி செய்துவிட்ட வீடு என்று தெரிந்தே அந்த முகவரியைக் கொடுத்து, பிரதிவாதி வராமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்குகிறார்கள். சம்மன் முறையாகத் தன்னிடம் சேரவில்லை என்று காட்டி, தீர்ப்பு தெரியவந்த 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கக் கடனாளிக்கு வழி இருக்கிறது. ஜப்தி வரை போன வழக்கு மறுபடி முதல் வாய்தாவில் வந்து நிற்கும்.

இன்னொன்று: நோட்டீஸ் அனுப்பினால் வழக்குப் போடுவதற்கான காலக்கெடு நின்றுவிடாது. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு. அதற்குள் அவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதைத் தன் கையெழுத்தில் குறித்தாலோதான் கணக்கு புதிதாகத் தொடங்கும். இரண்டும் இல்லையென்றால், நான்காவது நோட்டீஸுக்குச் செலவழிக்கும் நேரத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.